எட்டுப் போட்ட ரயில்

எங்கள் ஊரின் பெயரிலேயே வண்டி இருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் வண்டியூர் என்றால் தெப்பக்குளமா என்று கேட்பார்கள். மதுரைக்காரர்களுக்கோ வைகையில் இறங்கிய அழகர் அடுத்து வந்து சேரும் ஊர். இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு அழகரோடு என் தம்பியும் வந்தான், சிங்கப்பூரிலிருந்து. அவன் பெட்டியில் என் மகனுக்கு ஒரு பொம்மை ரயில் இருந்தது.

பொம்மை என்று சொன்னால் என் மகன் கோபித்துக்கொள்வான். ஏழாம் வகுப்புக்குப் போகிறவன். "மாடல் ரயில்மா" என்று திருத்துவான். ஒரு குட்டி எஞ்சின், மூன்று பெட்டிகள், பன்னிரண்டு வளைவுத் துண்டுகள், நான்கு நேர்த் துண்டுகள், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு அடாப்டர். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் மின்சாரம்தான் என்பதால் குழந்தைகள் கை வைத்தாலும் பயமில்லை. ஹாலில் துண்டுகளை மாட்டி வட்டமாகப் போட்டான். ஓடியது. இரண்டு நாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. அவனும் பெட்டியை மூடிவிட்டான்.

"ஏன்டா?"

"சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்மா. எட்டுப் போட்டாத்தான் நல்லா இருக்கும்."

லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் போடும் அதே எட்டுதான். தண்டவாளம் தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கு நடுவில் ஒரு கிராசிங் துண்டு தேவை. விடுமுறை முழுக்கப் போனிலேயே கிடக்காமல் இருந்தால் சரி என்று இணையத்தில் தேடி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். படத்தில் அழகாகப் பெருக்கல் குறி மாதிரி இருந்தது. கூடவே '30°' என்று போட்டிருந்தது. அது என்னவென்று நான் யோசிக்கவே இல்லை. இந்த வாரம் எழுத வந்ததே அந்தச் சின்ன எண்ணைப் பற்றித்தான்.

துண்டு வந்தது. ஹாலில் வைத்து மாட்டினான். நான்கு பக்கமும் நேர்த் துண்டு, பிறகு வளைவு. ஒரு பக்க வளைவு சுற்றி வந்து அடுத்த கையைப் பிடிக்காமல் எங்கோ போய் நின்றது. நேர்த் துண்டைக் கூட்டினால் சரியாகும் என்று அட்டையில் துண்டுகள் வெட்டி வைத்துப் பார்த்தான். கூட்டக் கூட்ட எட்டு நீண்டுகொண்டே போய்ச் சுவரில் முட்டியது. கோபத்தில் எல்லாவற்றையும் காலால் தள்ளிவிட்டான். திருப்பி அனுப்பும் நாளும் கடந்திருந்தது. தப்பு என்னுடையது. அளவு பார்க்காமல் ஜாக்கெட் வாங்கியது போல வாங்கியிருக்கிறேன்.

அப்போதுதான் அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார்.

அப்பாவின் கத்தரிக்கோல்

அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். மதுரைப் பக்கம் மீட்டர் கேஜ் ஓடிய காலத்து ஆள். போடி வண்டி 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நின்றதே, அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் வண்டி திரும்ப வந்தபோது ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். போகவில்லை. போன தை மாதம் அம்மா போய்விட்டார். அதன் பிறகு அப்பா சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் தவிர அறையை விட்டு வருவதில்லை. கேட்டால் பதில் சொல்வார். அவராக ஒன்றும் சொல்ல மாட்டார். இரவில் காற்று வாட்டம் சரியாக இருந்தால் கீழ்மதுரை தாண்டிச் சிலைமான் பக்கம் போகும் ராமேஸ்வரம் வண்டியின் ஹாரன் ஆற்றைக் கடந்து கேட்கும். அப்போது மட்டும் கட்டிலில் எழுந்து உட்காருவார்.

வந்தவர் கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன கேஜுடா?"

"பதினாறரை மில்லிமீட்டர் தாத்தா. எச்.ஓ. நிஜத்துல 87 மடங்கு இருக்கும்."

அப்பா மனக்கணக்குப் போட்டார். பதினாறரையை 87-ஆல் பெருக்கினால் 1,435. "நம்ம மீட்டர் கேஜ் 1,000. பிராட் கேஜ் 1,676. இது நம்ம ஊரு கேஜே இல்லையேடா!"

அது உண்மைதான். 1,435 என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஓடும் 'ஸ்டாண்டர்டு கேஜ்'. நம் பக்கம் சென்னை மெட்ரோ ஓடுவது அதில்தான். அம்மா போன பிறகு அப்பா ஒரு விஷயத்தில் ஆச்சரியப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கிராசிங் துண்டை எடுத்தார். "எத்தனை டிகிரி?"

"முப்பது."

"அதான். ஆத்தா, அந்தக் கத்தரிக்கோல எடு."

கத்தரிக்கோலை நன்றாக விரித்துப் பேரனிடம் காட்டினார். "இப்பப் பாரு. திருகாணியிலருந்து கொஞ்ச தூரம் போனாலே ரெண்டு அலகுக்கும் நடுவுல நல்ல இடம் இருக்கு. உன் வளைவு உள்ள உக்காந்துரும்." பிறகு அலகுகளைக் குறுக்கினார். "இப்ப அதே அகலம் வேணும்னா எவ்வளவு தூரம் போகணும்? உன் ஹால் பத்தாதுடா. தெப்பக்குளத்துலதான் போடணும்."

அன்று இரவு மகனும் நானும் அதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கொடுங்கள், சைன், டேன் எல்லாம் எதற்கென்று புரியும். உங்களுக்காக முடிவை மட்டும் தருகிறேன். வளைவுத் துண்டின் பெட்டியில் அதன் ஆரம் போட்டிருக்கும். எட்டின் மொத்த நீளம் எவ்வளவு வரும் என்பதற்கு அந்த ஆரத்தைப் பெருக்க வேண்டும்:

90 டிகிரி கிராசிங் என்றால் ஏறக்குறைய 4.8 மடங்கு.
60 டிகிரி என்றால் சரியாக 6 மடங்கு.
45 டிகிரி என்றால் 7.2 மடங்கு.
30 டிகிரி என்றால் 9.7 மடங்கு.

அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஆரத்தைப் போல 2 மடங்கு. இது தண்டவாளத்தின் நடுக்கோட்டுக் கணக்கு. ஓரத்தில் வண்டி கீழே விழாமல் இருக்க நான்கு பக்கமும் குறைந்தது 4 சென்டிமீட்டர் விடுங்கள்.

எங்கள் வளைவின் ஆரம் 360 மி.மீ. 30 டிகிரி கிராசிங்குக்கு மூன்றரை மீட்டர், அதாவது பதினொன்றரை அடி வேண்டும். எங்கள் ஹாலே பத்தடி. 60 டிகிரிக்கு 2 மீட்டர் 16 சென்டிமீட்டர், எட்டடிப் பலகையில் அடங்கும். 90 டிகிரிக்கு 1 மீட்டர் 74 சென்டிமீட்டர். ஆறடிப் பலகை 1 மீட்டர் 83. இரண்டு முனையிலும் நான்கரை சென்டிமீட்டர் மிச்சம். ஆக, 90 டிகிரிதான் எங்களுக்கு.

வளைவும் கிராசிங்கும் ஒரே குடும்பமா?

கிராசிங் வாங்கும்போது இடத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எங்கள் வளைவுத் துண்டு ஒவ்வொன்றும் 30 டிகிரி திரும்பும். பன்னிரண்டு சேர்ந்தால் முழு வட்டம். 90 டிகிரி கிராசிங்கில் ஒவ்வொரு பக்கமும் வண்டி 270 டிகிரி சுற்ற வேண்டும், அதற்கு ஒன்பது துண்டுகள். இரண்டு பக்கத்துக்குப் பதினெட்டு. கையில் இருந்தது பன்னிரண்டு, ஆகவே ஆறு வாங்கினோம். 60 டிகிரி என்றால் பக்கத்துக்கு 240, எட்டுத் துண்டுகள். ஆனால் 45 டிகிரி கிராசிங் வாங்கியிருந்தால் பக்கத்துக்கு 225 டிகிரி, ஏழரைத் துண்டு. அரைத் துண்டுக்கு எங்கே போவது? இருபத்திரண்டரை டிகிரி வளைவுகளோடுதான் அது பொருந்தும். இங்கிலாந்தின் ஹார்ன்பி வளைவுகள் அந்த வகை, அவர்களுடைய டைமண்ட் கிராசிங்கும் அதே இருபத்திரண்டரை டிகிரி. கம்பெனிகள் வளைவையும் கிராசிங்கையும் ஒரே குடும்பமாகத்தான் செய்கிறார்கள். பெண் எடுப்பது போல, முதலில் குடும்பம் பார்த்துவிட்டு அப்புறம் அழகு பார்க்கலாம்.

கட்டில்

ஆறுக்கு நாலு பிளைவுட் பலகை வாங்கியாயிற்று. எங்கே வைப்பது? ஹாலில் வைத்தால் நடக்க வழியில்லை. மாடியில் வெயில். அப்பாவின் அறையில் மட்டும் ஒரு இடம் காலியாக இருந்தது. அம்மாவின் இரும்புக் கட்டில் இருந்த இடம். கட்டிலைக் கால் மடக்கிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தோம். அதை எடுத்துவிடலாமா என்று கேட்க எனக்கு நான்கு மாதமாக வாய் வரவில்லை. இப்போது பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றேன். கேட்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

அப்பா பலகையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"அதுவும் ஆறுக்கு நாலுதான்" என்றார். "விரிச்சு, அதுக்கு மேலயே போடு. நான் சேர்ல உக்காந்து பாக்கத் தோதா இருக்கும்."

நானும் மகனும் கட்டிலை விரித்தோம். அப்பா ஒரு பழைய போர்வையை அதன்மேல் போட்டு, சுருக்கம் எடுத்துவிட்டார். சத்தம் அதிராமல் இருக்கும் என்று காரணம் சொன்னார்.

70 மில்லிமீட்டர்

இனி குட்டி நேர்த் துண்டு. கடைகளில் கைவிரல் நீளத்துக்கு, சில சமயம் அதைவிடச் சின்னதாகக்கூட நேர்த் துண்டுகள் விற்பார்கள். ஹார்ன்பியில் ஒன்று வெறும் 38 மி.மீ.தான். இதை எதற்கு வாங்குகிறார்கள் என்று நானும் நினைத்ததுண்டு. இப்போது தெரிகிறது, எட்டு கூடுவதும் கூடாததும் இதன் கையில்தான் இருக்கிறது.

90 டிகிரி கிராசிங்கில் ஒரு வசதி. கிராசிங்கின் நடுவிலிருந்து வளைவு ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் உள்ள தூரம் சரியாக வளைவின் ஆரம்தான். எங்களுக்கு 360. கிராசிங் துண்டின் மொத்த நீளம் 120, அதில் பாதி 60 போக மிச்சம் 300. எங்கள் நேர்த் துண்டு 230. ஆக, ஒவ்வொரு கையிலும் 70 மி.மீ. குறைகிறது. நான்கு கைக்கு நான்கு குட்டித் துண்டுகள்.

கடையில் எங்களுக்குக் கிடைத்தது 57.5. "பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே, இழுத்து மாட்டிக்கலாம்" என்றான் மகன். அப்பா முகம் மாறிவிட்டது.

"இழுத்து மாட்டுறதா? இழுத்து மாட்டுன தண்டவாளம் அந்த இடத்துல நல்லாத்தான் தெரியும். வேற எங்கயாவது போய்க் கோணிக்கும். வண்டி விழுகுறது அங்கதான்."

மாட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது சரி. குறைந்த பன்னிரண்டரை மில்லிமீட்டர், சுற்றின் மறுமுனையில் அப்படியே விலகலாக வந்து நின்றது. அழுத்தி மாட்டினால் கிராசிங் துண்டே ஒரு மூலையில் தூக்கிக்கொண்டது.

ஆகவே அறுத்தோம். 230 துண்டு ஒன்றில் 70 மி.மீ. மூன்று கிடைக்கும், இன்னொன்றில் நாலாவது. மெல்லிய பல் உள்ள ஹேக்ஸா பிளேடு போதும். தண்டவாளம் நசுங்காமல் இருக்க, மரச்சட்டத்தில் காடி வெட்டி அதில் துண்டை இறக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். 71-ல் அறுத்து, அரத்தால் ராவி 70-க்குக் கொண்டுவர வேண்டும். வெட்டிய முனையில் பிசிர் இருந்தால் இணைப்புத் தகடு ஏறாது. முனையில் உள்ள பிளாஸ்டிக் ஸ்லீப்பர் தடுத்தால் அதையும் கொஞ்சம் சீவிவிட வேண்டும். அப்பாவுக்கு இப்போது கை நடுங்கும். அறுத்தது பேரன். அப்பா ஒவ்வொரு துண்டையும் ஸ்கேலில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு ராவு" என்பார். ஒரு சாயங்காலம் முழுக்க நாலு துண்டுக்குப் போயிற்று. எனக்கு அந்தச் சாயங்காலத்தின் மேல் புகார் இல்லை.

குட்டித் துண்டை எங்கே வைப்பது? கிராசிங்கை ஒட்டி நீளத் துண்டு, வளைவை ஒட்டிக் குட்டி என்றார் அப்பா. கிராசிங்கில் சக்கரம் ஏற்கெனவே நாலு இடைவெளியைத் தாண்ட வேண்டும். அதன் பக்கத்திலேயே இன்னொரு இணைப்பு எதற்கு? குட்டித் துண்டுகளைத் தொடர்ச்சியாக மாட்டி நீளமாக்குவதும் கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கரண்டு குறையும், கொஞ்சம் கோணலும் சேரும். இன்னொன்று: இடப்பக்கம் திரும்பும் வளைவுக்கும் வலப்பக்கம் திரும்பும் வளைவுக்கும் நடுவே குட்டித் துண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்கள் நீளமான பெட்டி ஒன்றின் அளவாவது நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிகள் ஒன்றையொன்று தள்ளித் தடம் புரளும்.

சிவப்பு வயர், கறுப்பு வயர்

எட்டு கூடியது. ஒரே இடத்தில் கரண்டு கொடுத்தால் தூரத்துச் சுற்றில் வண்டி சோர்கிறது என்று இரண்டு சுற்றுக்கும் தனித்தனியாக வயர் கொடுத்தான் மகன். சிவப்பு இரண்டிலும் வெளித் தண்டவாளத்துக்கு, கறுப்பு இரண்டிலும் உள்தண்டவாளத்துக்கு. ஸ்விட்சைப் போட்டான். அடாப்டர் தானாக அணைந்துவிட்டது.

நல்ல ஒழுங்காகத்தானே கொடுத்திருக்கிறான் என்று எனக்கும் தோன்றியது. அப்பா அவன் விரலைப் பிடித்து ஒரு தண்டவாளத்தின் மேல் வைத்தார். "விரல எடுக்காம இதுமேலயே போ." விரல் சுற்றின் வெளிப்பக்கமாகப் போனது, கிராசிங்கைத் தாண்டியது, அடுத்த சுற்றில் உள்பக்கமாகப் போனது. எட்டில் வெளித் தண்டவாளம் பாதி வழியில் உள்தண்டவாளமாகிவிடுகிறது! இடது வலது மாறுவதில்லை, உள்ளும் வெளியும்தான் மாறுகின்றன. ஒரு பக்கம் வயரை மாற்றினோம், சரியாயிற்று. எட்டுப் போடும் எல்லோரும் ஒருமுறை விரலால் சுற்றி வந்துவிட்டு வயரைத் தொடுங்கள்.

கடைசி வில்லங்கம் கிராசிங்கிலேயே வந்தது. மெதுவாக ஓட்டினால் எஞ்சின் நடுவில் நின்றுவிடும். இரண்டு பாதையின் மின்சாரமும் முட்டிக்கொள்ளக் கூடாது என்று கிராசிங்கில் கொஞ்சம் பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். அதன்மேல் சக்கரத்துக்குக் கரண்டு கிடையாது. நீளமான எஞ்சினுக்குப் பரவாயில்லை, ஒரு சக்கரம் இல்லாவிட்டால் இன்னொரு சக்கரம் எடுத்துக்கொள்ளும். நாலே சக்கரம் உள்ள குட்டி எஞ்சின் தவிக்கும். குறுகிய கோணக் கிராசிங்கில் இந்தப் பிளாஸ்டிக் பகுதி இன்னும் நீளம். அந்த வகையிலும் 90 டிகிரி எங்களைக் காப்பாற்றியது. சக்கரத்தையும் தண்டவாளத்தையும் சுத்தமான துணியால் துடைத்து, கிராசிங் பலகையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்ததும் எஞ்சின் நிற்காமல் போனது.

நிஜ ரயில்வேக்கும் டைமண்ட் கிராசிங் தலைவலிதான் என்றார் அப்பா. சக்கரம் இடைவெளியில் தட்டித் தட்டி இரும்பு தேயும், வேகத்தைக் குறைக்க வேண்டும், பராமரிப்பு ஓயாது. அதனால்தான் அவை அபூர்வம். டெல்லி-சென்னைப் பாதையும் ஹவுரா-மும்பைப் பாதையும் வெட்டிக்கொள்ளும் நாக்பூரில் இருப்பது பேர்போனது.

"நீங்க பாத்திருக்கீங்களா தாத்தா?"

"இல்லடா. போகணும்னு இருந்தேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று பெட்டிகளையும் மாட்டி முழுசாக ஓட்டினோம். கிராசிங்கைத் தாண்டும்போதெல்லாம் டக்டக், டக்டக் என்று ஒரு சத்தம். போர்வைக்கு அடியில் இரும்புக் கட்டில் லேசாக அதிர்ந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி வரும் திசையில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோறு வைக்கிறேன் என்று இரண்டு தடவை கூப்பிட்டும் இருவரும் வரவில்லை.

அந்த 30 டிகிரி கிராசிங் இப்போது அப்பாவின் மேசையில் மாத்திரைச் சீட்டுகளுக்கு வெயிட்டாக இருக்கிறது. தூக்கிப் போட வேண்டாமாம். "இடம் இருக்குற வீட்டுக்கு அது சரியான சாமான்தான்" என்கிறார்.

நேற்றுக் காலையில் காபி கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டு, அவராகவே கேட்டார்.

"ஆத்தா, அந்தத் துண்டெல்லாம் விக்கிற எடத்துல பாயிண்டு கிடைக்குமா? இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. டிகிரி பாத்து வாங்கணும். இந்தத் தடவ என்னையக் கேட்டுட்டு வாங்கு."